காற்றா, குளிரா? கார் குளிர்சாதன வரலாற்றில் விடுபட்ட பாதி

1939 நவம்பரில் சிகாகோ மோட்டார் வாகனக் கண்காட்சியில், ஆலையிலேயே குளிர்சாதனம் பொருத்தப்பட்ட காரைப் பேக்கார்ட் நிறுவனம் காட்சிக்கு வைத்தது. அதற்குக் கூடுதல் விலை 274 டாலர். குளிர்ச்சுருளும் விசிறியும் காரின் பின்புறச் சாமான் அறையில் பாதியை அடைத்துக்கொண்டன. கம்ப்ரசரை இன்ஜினிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் அதில் இல்லை. குளிர் வேண்டாதபோது வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. ஓட்டுநரின் கைக்கு எட்டியது விசிறியின் சுவிட்ச் ஒன்றே. குளிரை அவரால் கட்டுப்படுத்த இயலவில்லை. காற்றை மட்டுமே கட்டுப்படுத்தினார். 1941க்குப் பின் அந்த அமைப்பு கைவிடப்பட்டது.

குளிர்சாதனத்தின் வரலாறு பெரும்பாலும் குளிரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1902இல் வில்லிஸ் கேரியரின் முதல் வடிவமைப்பு, தாமஸ் மிட்ஜ்லியின் குளோரோபுளோரோகார்பன், ஓசோன் படலத்தின் சிதைவு, 1987இன் மான்ட்ரியல் நெறிமுறை என அந்த வரிசை நீள்கிறது. ஆனால் காரில் உள்ள குளிர்சாதனம் உண்மையில் இரண்டு அமைப்புகளின் கூட்டு. ஒன்று, வாயு அடைக்கப்பட்ட மூடிய சுற்று. அது குளிரை உண்டாக்குகிறது. மற்றொன்று, வெளியுலகோடு தொடர்புள்ள திறந்த பாதை. அது குளிரை மனிதரிடம் கொண்டு சேர்க்கிறது. இந்த இரண்டாவது பாதைக்கும் தனியொரு வரலாறு உண்டு.

அந்த வரலாற்றின் முக்கியப் பெயர் நாஷ். 1938இல் அந்நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டி, சூடாக்கி, விசிறியால் உள்ளே செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தியது. 1954இல் வெப்பம், குளிர், காற்றோட்டம் மூன்றையும் காரின் முன்பகுதியில் ஒரே அமைப்பாக இணைத்தது. இன்றைய கார்கள் அனைத்தும் ஏறத்தாழ இந்த வழியையே பின்பற்றுகின்றன. இடம் மிச்சமாயிற்று, விலையும் குறைந்தது. ஆனால் அதற்கு ஈடாக, பின்னால் கண்ணுக்குத் தெரிந்த குளிர்ச்சுருள் டேஷ்போர்டின் உள்ளே மறைந்துபோயிற்று. கண்ணுக்குத் தெரியாத உறுப்பின் கோளாறு ஊகத்துக்கு உரியதாகிறது.

இந்தியாவில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களின் காலத்தில் குளிர்சாதனம் பெரும்பாலும் பின்னர் வாங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடப்பட்ட பெட்டியாக இருந்தது. 1983இல் மாருதி 800 வந்தது. 1991க்குப் பின் சந்தை திறந்தது. ஆடம்பரமாக இருந்த குளிர்சாதனம் படிப்படியாக நடுத்தரக் குடும்பத்தின் தேவையாயிற்று. ஐரோப்பாவில் 1980களின் இறுதியிலேயே பரவத் தொடங்கிய கேபின் ஃபில்டர், இந்தியாவின் சிக்கன வகைக் கார்கள் பலவற்றில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. தூசி மிகுந்த நாட்டின் சாலைக்காற்று வடிகட்டப்படாமல் நேரே கூலிங் காயிலில் படிந்தது.

விளைவுகள் இயற்பியல் சார்ந்தவை. ஈரமான சுருளில் தூசி ஒட்டும்போது காற்று குறைகிறது. காற்று குறைந்தால் சுருளுக்கு வந்துசேரும் வெப்பமும் குறைகிறது. சுருள் மேலும் குளிர்ந்து, படிந்த ஈரம் பனிக்கட்டியாகிறது. பனி, எஞ்சிய இடைவெளியையும் அடைக்கிறது. விசிறியின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் தன் சூட்டைத் தணித்துக்கொள்வதும் அதே காற்றால்தான். காற்று தடைபட்டால் அது சூடேறிப் பழுதடையும். பின்னர் உச்ச வேகம் மட்டுமே இயங்கும்.

ஆகவே அறிகுறிகளைப் பிரித்தறிவது அவசியம். விசிறியின் ஓசை பலமாக இருந்தும் காற்று மெலிந்தால், தடை பெரும்பாலும் ஃபில்டரிலோ, கண்ணாடிக்குக் கீழுள்ள காற்று வாயில் சிக்கிய இலைகளிலோ, சுருளிலோ இருக்கும். ஓசையே மெலிந்தால் மோட்டாரையோ அதன் மின் இணைப்பையோ ஆராய வேண்டும். தொடக்கத்தில் நன்றாக வந்த காற்று படிப்படியாகக் குறைந்து, கம்ப்ரசரைச் சற்று நேரம் நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டதும் மீண்டால், காரணம் பனிக்கட்டி. காற்று நிறைவாக வந்தும் குளிரவில்லை என்றால் மட்டுமே ஐயம் முதலில் மூடிய சுற்றின் மீது திரும்ப வேண்டும்.

நடைமுறையில் இந்தப் பகுப்பு பெரும்பாலும் நிகழ்வதில்லை. ‘ஏசி சரியில்லை’ என்ற ஒற்றைத் தொடர் இரு கோளாறுகளையும் ஒன்றாக்குகிறது; ‘கேஸ் அடிக்க வேண்டும்’ என்பதே அதற்கான வழக்கமான விடை. மூடிய சுற்றில் வாயு எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவதும், தேவையின்றித் திறந்துவிட்டு நிரப்புவதும் பணத்தோடு முடிவதில்லை. பெரும்பான்மைக் கார்களில் உள்ள ஆர்-134ஏ வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,430 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் கொண்டது. ஒரு காரின் அரைக் கிலோ வாயு வெளியேறினால், அது 700 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். கிகாலித் திருத்தத்தை 2021இல் ஏற்ற இந்தியா, இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டியுள்ளது. அடைபட்ட ஒரு ஃபில்டரைத் தவறாகப் புரிந்துகொள்வது அந்தக் கணக்கிலும் சேர்கிறது.

2025இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாரிக்கப்படும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பல்லாண்டுகளாக இன்ஜின் வெப்பத்தோடு பயணித்த ஓட்டுநர்களுக்குக் காலம் தாழ்ந்து கிடைத்த நியாயம் இது. ஆயினும் சுரங்கச் சாலையிலும் சிமென்ட் ஆலை வாயிலிலும் ஓடும் லாரியின் ஃபில்டர், நகரத்துக் காரின் ஃபில்டரைவிட மிக விரைவில் அடைபடும். கருவி பொருத்தப்பட்டதோடு உரிமை நிறைவேறிவிடுவதில்லை. பேக்கார்ட் ஓட்டுநரின் கையில் இருந்தது காற்றின் சுவிட்ச் மட்டுமே. எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், குளிரைத் தரச் சட்டம் உண்டு. அந்தக் காற்று ஓட்டுநரின் முகத்தை வந்தடைவதற்கு யார் பொறுப்பு என்பதே இனி கேட்கப்பட வேண்டிய கேள்வி.