கேட்கப்பட்ட கருத்தும் கேட்ட மொழியும்

இந்தியாவில் அரசின் முடிவுகள் குறித்துக் குடிமக்கள் இணையவழிக் கருத்துரைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. யார் கருத்துரைக்கிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்பதை எவை தீர்மானிக்கின்றன? இரு நிகழ்வுகள் இதற்கு விடை தருகின்றன.

2014இல் ஒன்றிய அரசு வகுத்த முன்சட்டக் கலந்தாய்வுக் கொள்கை, சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள்கள் பொதுவெளியில் வைக்கவேண்டும் என்றது. எளிய மொழியில் விளக்கக் குறிப்பும் வேண்டும் என்றது. ஆயினும் அதற்குச் சட்ட வலு இல்லை.

2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) இணையச் சமநிலை தொடர்பாக 118 பக்கக் கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. அதிலிருந்த 20 வினாக்களும் துறை வல்லுநர்க்கே உரியவை. தன்னார்வலர்கள் அவற்றை எளிமைப்படுத்தி, ஆயத்த விடைகளையும் அளித்தனர். 10 லட்சத்திற்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அவற்றை அனுப்பியோரின் முகவரிகளுடன் ஆணையம் வெளியிட்டதால், கருத்துரைப்போரின் அந்தரங்கம் பற்றிய கேள்வியும் எழுந்தது. அவ்வாண்டு இறுதியில் நடந்த அடுத்த கலந்தாய்வில், ஃபேஸ்புக் தன் பயனர்கள் வழியே அனுப்பிய ஒரே வார்ப்பிலான ஆதரவுக் கடிதங்கள், கேட்ட வினாக்களுக்கு விடையளிக்கவில்லை என ஆணையம் சுட்டியது. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாட்டுக் கட்டணம் தடைசெய்யப்பட்டது. எண்ணிக்கை கவனத்தை ஈர்த்தது. ஆனால் எண்ணிக்கை மட்டுமே முடிவைத் தீர்மானிக்கவில்லை.

2020இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வேறொரு தடையை வெளிப்படுத்தியது. பெருந்தொற்று முடக்கக் காலத்தில் வெளியான அவ்வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலுமே இருந்தது. சுரங்கம், அணை, ஆலை ஆகியவற்றின் அருகே வாழ்வோர் பலருக்கு அவ்விரு மொழிகளும் அயல்மொழிகளே. ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வரைவை 10 நாள்களுக்குள் மொழிபெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டு, காலக்கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அலுவல் மொழிச் சட்டப்படி இரு மொழிகளே போதும் என்ற நிலைப்பாட்டுடன் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. உயர் நீதிமன்றத்திலேயே மறுஆய்வு கோருமாறு அது அனுப்பிவைக்கப்பட்டது. மொழிபெயர்ப்பு வழக்காடுதலுக்குரிய பொருளாகவே நீடிக்க, காலக்கெடு முடிந்தது. இடைப்பட்ட நாள்களில் தன்னார்வலர்கள் பல மொழிகளில் வரைவைப் பெயர்த்தனர். பல லட்சம் கருத்துகள் சென்றன.

இரு நிகழ்வுகளிலும் அரசு விட்ட இடைவெளியை இடைநிலையாளர்களே நிரப்பினர். முதலாவதில் தேவைப்பட்டது கலைச்சொல் விளக்கம், இரண்டாவதில் மொழிபெயர்ப்பு. இணைய இணைப்பும் கைப்பேசியும் பரவினாலே பங்கேற்பு வளர்ந்துவிடும் என்னும் கருத்து இதனால் வலுவிழக்கிறது. வாசிக்க இயலாத வரைவுக்கு மறுமொழி எழுத எவராலும் இயலாது. அத்தகையோரின் மௌனத்தை உடன்பாடு எனக் கணக்கிடுவது கலந்தாய்வு ஆகாது.