ஆணி நீங்கலாக

கி.பி. 301ஆம் ஆண்டின் இறுதியில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஒரு விலைப்பட்டியல் போட்டார். ரேஷன் கடை வாசலில் கரும்பலகையில் எழுதி வைப்பார்களே, அந்த மாதிரிதான். என்ன, இது கல்லில் வெட்டப்பட்டது, மீறினால் மரண தண்டனை. கோதுமை, ஒயின், மாட்டிறைச்சி, தச்சர் கூலி, வாத்தியார் சம்பளம், வக்கீல் கட்டணம் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு உச்சவரம்பு விலை. அந்தக் கல்வெட்டின் துண்டுகள் இன்றைய துருக்கியிலும் கிரீஸிலும் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன.

அந்தப் பட்டியலில் நான் அடிக்கடி போய் நிற்பது தோலும் செருப்பும் வரும் இடத்தில். கோவேறு கழுதை ஓட்டிகளும் குடியானவர்களும் போடும் முதல் தர பூட்ஸ், ஆணி நீங்கலாக, 120 தெனாரியஸ். படைவீரர் பூட்ஸ், அதுவும் ஆணி நீங்கலாக, 100. உயர்குடிப் பிரபுக்களின் காலணி 150. செனட்டர்களுக்கு 100. குதிரைப்படைத் தரத்தாருக்கு 70. பெண்களுக்கு 60.

ஒரு நிமிஷம். குடியானவன் பூட்ஸ் 120, செனட்டர் காலணி 100. தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும். யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. செனட்டர் நடப்பது பளிங்குத் தரையில், கழுதை ஓட்டி நடப்பது கல்லிலும் சேற்றிலும். அவனுக்குத் தடித்த தோல் வேண்டும், அடுக்கடுக்காக அடித்தோல் வேண்டும். ஊசி சுலபமாக இறங்காத தோலில் கூடுதல் தையல் வேண்டும். பட்டியல் போட்டவர்கள் காலுக்குரியவரின் அந்தஸ்தை மட்டும் பார்க்கவில்லை, செருப்புக்குள் போன தோலையும் உழைப்பையும் ஓரளவு பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

டயோக்ளீஷியன் இந்த வேலைக்கு ஏன் இறங்கினார்? அவருக்கு முந்தைய பேரரசர்கள் பல பத்தாண்டுகளாக நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். காசு மலிந்தது, விலை ஏறியது. பேரரசர் பழியை வியாபாரிகளின் பேராசைமேல் போட்டார். ஒரே ஒரு பொருளை வாங்கப் போய்ப் படைவீரன் தன் சம்பளத்தையும் வெகுமதியையும் சேர்த்துப் பறிகொடுக்கிறான் என்று ஆணையின் முன்னுரை கொந்தளிக்கிறது. அப்புறம் நடந்ததை லாக்டான்டியஸ் என்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார்: அற்பப் பொருட்களுக்காக ரத்தம் சிந்தியது, பயத்தில் சரக்கு சந்தையிலிருந்தே மறைந்தது, விலைவாசி முன்பைவிட மோசமானது, கடைசியில் சட்டம் கைவிடப்பட்டது. அவர் டயோக்ளீஷியனை அறவே வெறுத்தவர். அந்தக் கழிவைப் போட்டே இதைப் படிக்க வேண்டும்.

சட்டம் தோற்றது. ஆனால் அந்தப் பட்டியல் நமக்கு வேறொரு விதத்தில் உதவுகிறது. அதில் இருப்பது அசல் சந்தை விலை ஆகாதுதான், வரம்பு விலை. இருந்தாலும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அது போதும்.

ஒப்பிட்டுப் பார்ப்போமா? வயலில் வேலை செய்யும் கூலிக்கு நாளொன்றுக்கு 25 தெனாரியஸ், சாப்பாடு தனி. தச்சருக்கு 50, சாப்பாடு தனி. ஆரம்பப் பாடம் சொல்லித்தரும் வாத்தியாருக்கு ஒரு பையனுக்கு மாதம் 50. அப்படியானால் அந்தக் குடியானவன் தனக்கான பூட்ஸ் ஒரு சோடி வாங்க ஏறக்குறைய ஐந்து நாள் உழைக்க வேண்டும்.

இப்போது தோல் பக்கம் வருவோம். பதனிடாத முதல் தர மாட்டுத்தோல் 500. அதையே செருப்பின் அடித்தோலுக்குப் பதனிட்டால் 750. ஆட்டுத்தோல் இதை ஒட்டியே வராது. பெரிய வெள்ளாட்டுத் தோல் பதனிட்டது 50, செம்மறி 30. ஒரு பேச்சுக்கு, ஒரு மாட்டுத்தோலில் பத்து சோடி வெட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். சோடிக்குத் தோலே 75 ஆகிவிட்டது. 120இல் மிச்சம் 45. அதற்குள் நூல், மெழுகு, கடை வாடகை, செருப்பு தைப்பவரின் உழைப்பு, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். தச்சரின் ஒரு நாள் கூலியைக்கூட அது எட்டவில்லை. பத்து என்பது என் ஊகம். எட்டு என்று வைத்தால் செருப்பு தைப்பவர் நிலை இன்னும் மோசம், பன்னிரண்டு என்று வைத்தால் கொஞ்சம் தேவலை. எப்படிப் போட்டாலும் ஒன்று தெரிகிறது. அன்றைக்குத் தோல் விலை உயர்ந்தது, கை மலிவு.

தோல் ஏன் அவ்வளவு விலை? காலம்தான் காரணம். மரப்பட்டையில் தோலைப் பதனிடுவது மாதக்கணக்கான வேலை. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, உள்பக்கச் சதையை வழித்து, பட்டைச்சாறு நிறைந்த குழிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும். முதலில் நீர்த்த சாறு, போகப்போகக் கெட்டியான சாறு. எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்பரப்பு மட்டும் இறுகிவிடும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கோலிட்டன் என்கிற சிற்றூரில் ஓக் மரப்பட்டையில் தோல் பதனிடும் பட்டறை ஒன்று இன்றும் இயங்குகிறது. அங்கே தடித்த தோல் ஒன்று தயாராக ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வருடம் முதலைக் குழிக்குள் முடக்கிப்போடுபவர் அதற்கு ஒரு விலை வைக்கத்தானே செய்வார்?

சரி, அந்த "ஆணி நீங்கலாக"?

ரோமானிய பூட்ஸின் அடியில் குமிழ்த்தலை இரும்பு ஆணிகள் வரிசையாக அடிக்கப்பட்டிருக்கும். கொல்லர் ஒவ்வொன்றாக அடித்து எடுத்த ஆணிகள். அடித்தோல் அடுக்குகளுக்குள் செலுத்தி, உள்ளே வரும் முனையை மடக்கிவிடுவார்கள். தையலோடு சேர்ந்து அடுக்குகளைப் பிடித்துக்கொள்வதும் அவைதான், பாதையின் தேய்மானத்தை வாங்கிக்கொள்வதும் அவைதான். தேய்ந்தால், விழுந்தால், மாற்ற வேண்டும். அந்தச் செலவு போட்டு நடப்பவன் தலையில். விலைப்பட்டியலுக்கு இருநூறு வருடங்களுக்கு முந்தைய ஒரு கணக்கு, வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள விண்டோலாண்டா கோட்டையில் மெல்லிய மரத்தகட்டில் மையால் எழுதப்பட்டுக் கிடைத்தது. அதில் பூட்ஸ் ஆணி 100க்கு 2 ஆஸ் என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது. இடையில் காசின் மதிப்பு தலைகீழாகிவிட்டதால் அந்த 2 ஆஸையும் இந்த 120 தெனாரியஸையும் ஒப்பிட முடியாது. ஆனால் ஆணி தனிக் கணக்கு என்கிற பழக்கம் புரிகிறது.

பேரரசர் வெஸ்பேசியன் காலத்துக் கதை ஒன்று உண்டு. கடற்படையினர் ஓஸ்டியாவிலிருந்தும் புட்டியோலியிலிருந்தும் ரோமுக்கு மாறி மாறி நடந்தே வர வேண்டியிருந்தது. செருப்பு தேய்கிறது, செருப்புப்படி கொடுங்கள் என்று கேட்டார்கள். இனிமேல் வெறுங்காலோடு நடங்கள் என்றார் பேரரசர். அன்று முதல் அவர்கள் அப்படியே நடக்கிறார்கள் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். இதை நகைச்சுவையாகத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ ஓஸ்டியா சாலையின் கல் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அதே விண்டோலாண்டாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செருப்புகள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. குழந்தைகளுடையவையும் பெண்களுடையவையும் அவற்றில் உண்டு. நீர் கோத்த, காற்றுப் புகாத மண் அவற்றை மட்காமல் வைத்திருந்தது. பட்டையில் பதனிட்ட தோல் அப்படிப்பட்ட மண்ணில் தாங்கும். அதைத் தைத்த நார் நூல் தாங்காது. நூல் கரைந்துபோய் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக மிஞ்சும். இன்றைக்கு ரோமானியச் செருப்பை அப்படியே திரும்பச் செய்ய முனைபவர்கள் அந்தத் துளைகளை எண்ணுகிறார்கள். துளைக்குத் துளை என்ன இடைவெளி, ஊசி தோலை முழுக்கத் துளைத்ததா, பாதித் தடிமனில் நுழைந்து பக்கவாட்டில் வெளியே வந்ததா, எல்லாவற்றையும் துளைதான் சொல்ல வேண்டும். அங்கே கிடைத்த இன்னொரு மரத்தகட்டில், பட்டறை வேலையில் இருந்த 343 பேரில் செருப்பு தைப்பவர்கள் 12 பேர் என்று குறித்திருக்கிறார்கள். பேர் இல்லை, எண்ணிக்கைதான்.

இந்த மீளுருவாக்க வேலையில் இன்னொரு சிக்கல் உண்டு. சினிமாவில் ரோமானியப் படைவீரன் போட்டு வருவானே, விரல் தெரிகிற, வார் வாராக வெட்டிய செருப்பு, அது முதல் நூற்றாண்டுக்கு உரியது. மேல்பகுதியை ஒரே தோல் துண்டில் வெட்டி, குதிகாலில் தைத்து, பாதத்தின் நடுவே கட்டுவார்கள். 2ஆம் நூற்றாண்டில் அது வழக்கொழிந்து, மூடிய பூட்ஸ் வந்துவிட்டது. "கலிகா" என்கிற பேர் மட்டும் தங்கிவிட்டது. எனவே 301இன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சினிமாச் செருப்பைச் செய்தால் விலை ஒரு காலத்தினுடையது, செருப்பு வேறொரு காலத்தினுடையது. நேர்மையாகச் செய்பவருக்கு ஊசியைத் தொடும் முன்பே பல நாள் படிப்பு வேலை இருக்கிறது. அந்த நாட்களை எந்த பில்லில் சேர்ப்பது?

சென்னையில் கையால் தோல் பை தைக்கும் நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "தோலுக்குச் சதுர அடி கணக்கு இருக்கு. கொக்கிக்கு பில் இருக்கு. மணிக்கணக்கு போட்டாத்தாங்க சண்டை வருது" என்றார். அவர் தைப்பது இரட்டை ஊசித் தையல். மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடக்க வேண்டும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மிச்சத் தையல் பிரியாது. மிஷின் தையல் பிரிந்துகொண்டே போகும். வாங்க வருபவருக்கு இது முதல் நாளில் தெரியாது, அஞ்சாம் வருஷம்தான் தெரியும். அவர் கையில் இருப்பதோ ஆன்லைனில் பார்த்த ஃபேக்டரிப் பையின் விலை.

டயோக்ளீஷியன் காலத்துக் கணக்கு இங்கேதான் கவிழ்ந்துவிட்டது. தோலைக் குரோமிய உப்பில் பதனிடும் முறை வந்தபின் மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. இன்றைக்குப் பணக்கார நாடுகளில் ஒரு சோடி செருப்புக்கு நல்ல தோலே வாங்கினாலும் அது அரை நாள் கூலி, மிஞ்சினால் ஒரு நாள் கூலி. என் கணக்குப்படி அன்றைய குடியானவனுக்கு அது மூன்று நாள் கூலி. இப்போது பொருள் மலிவு, கை விலை உயர்ந்தது. மீளுருவாக்கச் செருப்பைப் பார்த்து "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர் இன்றைய உழைப்பை அன்றைய கூலிக்குக் கேட்கிறார்.

கை இன்னும் மலிவாகக் கிடைக்கும் இடங்களும் உண்டு. மேற்கில் வரலாற்று ஆர்வலர்கள் அணிந்து நடக்கும் ரோமானியச் செருப்பிலும் கச்சையிலும் ஒரு பகுதி இந்தியாவில் தைக்கப்பட்டுப் போகிறது. அந்த விலையை நம் ஊர் வரலாற்றைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக உலகுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடலைச் சோதித்ததற்கு ஒரு நோக்கம், கிணற்றில் நீர் இறைக்கும் தோல் சால்களுக்கு நெடுநாள் உழைக்கும் தோலைக் கண்டுபிடிப்பது. கொங்குப் பகுதியில் கவலை ஏற்றத்துக்கான அந்தத் தோலைத் தைத்தவர்களும், கிழிந்தால் நள்ளிரவிலும் போய் ஒட்டுப் போட்டவர்களும் அருந்ததியர்கள். அவர்களுக்குக் கிடைத்தது அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் தானியம். ஒரு தையலுக்கு இவ்வளவு, ஒரு சாலுக்கு இவ்வளவு என்று அவர்கள் வாய்திறந்து விலை சொல்ல முடியாது. கொடுப்பவர் மனசு வைத்து அளந்ததுதான் அளவு. செருப்பைத் தைத்துக் கொடுத்தவர் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்கவும் முடியாது.

ரோமில் விலையைப் பேரரசர் கல்லில் வெட்டினார், அநியாயமாகவே வெட்டியிருக்கலாம். ஆனால் அங்கே செருப்புக்கு ஒரு எண் இருந்தது, அந்த எண்ணை வைத்து இன்றைக்கு நாம் சண்டை போட முடிகிறது. இங்கே எண்ணே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தோல் தைக்கப்பட்டது. அதனால்தான் கைவேலைக்காரர் ஒருவர் தன் பொருளுக்கு விலை சொல்லும்போது, அது எனக்குக் கூடுதலாகவே பட்டாலும், உடனே பேரம் பேச நாக்கு வருவதில்லை. எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டுக்கொள்வேன். கட்டுப்படியாகாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

என் நண்பர் இப்போதெல்லாம் பில்லில் தோல், நூல், கொக்கி, மணி நேரம் என்று நாலு வரி எழுதுகிறார். நாலாவது வரியைப் பார்த்துவிட்டுச் சிலர் திரும்பிப் போகிறார்கள். அந்த வரியை அவர் எடுக்கவில்லை.