செங்குத்து

செம்மை + குத்து = செங்குத்து. 'செம்மை' இங்கே நிறமன்று, கோணலின்மை. செங்கோல், செங்கோணம் ஆகியவற்றில் இருப்பதும் அதுவே. 'குத்து' நிமிர்ந்த நிலை. குத்துக்கல், குத்துவிளக்கு என்பவற்றை நோக்குக. கணிதத்தில் செங்குத்துக்கு ஈடான ஆங்கிலச் சொல் 'ஆர்த்தோகனல்', நேர் எனப் பொருள்படும் 'ஆர்த்தோஸ்', கோணம் எனப் பொருள்படும் 'கோனியா' என்ற கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது.

ஓசூர்ப் பட்டறைகளில் செங்கோணம் பார்க்கும் கருவி மூலைமட்டம். மில்லிங் மெஷினின் எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து. அதனால் ஓர் அச்சில் மட்டும் நகர்த்தினால் மற்ற இரண்டின் அளவும் மாறாது.

நேரியல் இயற்கணிதத்தில் மூலைமட்டத்தின் வேலையை உட்பெருக்கம் செய்கிறது. (3, 4), (4, −3) என்ற திசையன்களை எடுத்துக்கொள்வோம். ஒத்த உறுப்புகளைப் பெருக்கிக் கூட்டினால், 3×4 + 4×(−3) = 0. விடை பூச்சியம், ஆகவே அவை செங்குத்து. 100 பரிமாணங்களிலும் இதே சோதனைதான். சார்புகளுக்கு, கூட்டலின் இடத்தில் தொகையீடு வரும்: 0 முதல் 2π வரை சைன், கொசைன் இரண்டின் பெருக்கலைத் தொகையிட்டால் பூச்சியம். படம் வரைய முடியாத இடத்திலும் 'செங்குத்து' என்ற சொல் பொருந்துவது, உட்பெருக்கம் பூச்சியம் என்ற இந்த இலக்கணத்தால்தான்.