மித்திலீனித் தீர்ப்பும் அதென்சு மக்களின் மனநிலையும்

மனிதர் தம் தீர்ப்புக்களை அறிவினாற் செய்கின்றனரோ உணர்ச்சியினாற் செய்கின்றனரோ என்னும் வினா இக்கால உளவியலார்க்கு மட்டும் உரியதன்று. கி. மு. 427 ஆம் ஆண்டில் அதென்சு நகரப் பேரவை அடுத்தடுத்த இரு நாள்களில் ஒரே பொருள்பற்றி முரண்பட்ட இரு முடிவுகளைச் செய்தது. தூசிடைடீசு தமது வரலாற்று நூலின் மூன்றாம் பகுதியில் இதனை விரித்துரைத்துள்ளார்.

இலெசுபோசுத் தீவிலுள்ள மித்திலீனி, திறை செலுத்தாது சொந்தக் கடற்படையுடன் விளங்கிய நட்பு நகர். அது 428 இல் அதென்சுக்கு எதிராகக் கிளர்ந்து, இசுப்பாட்டாவின் துணையை நாடி, மறு ஆண்டு முற்றுகையாற் பணிந்தது. கொள்ளைநோயாலும் போராலும் நைந்திருந்த அதென்சு மக்களுக்குச் சலுகை பெற்றோரே கிளர்ந்தமை பொறுக்கலாகாததாயிற்று. வளர்ந்த ஆடவர் யாவரையும் கொல்லவும், பெண்டிரையும் சிறுவரையும் அடிமைகளாக்கவும் சினமேலீட்டால் முடிவுசெய்தனர். ஆணையுடன் ஒரு கப்பலும் புறப்பட்டது.

மறுநாள் மனம் மாறிற்று. குற்றவாளிகளை மட்டுமன்றி ஒரு நகர் முழுவதையும் அழித்தல் கொடிதென்ற எண்ணம் பலர்க்கு எழவே, பேரவை மீண்டும் கூடிற்று. முன்னைய தீர்மானத்துக்குக் காரணனான கிளியோன், காலம் செல்லப் பாதிக்கப்பட்டோனின் சினம் மழுங்கிவிடுமாதலால் உடனே தண்டித்தலே தக்கதென வாதித்தான். சினம் தணிதலைத் தெளிவென்னாது இழப்பென அவன் கொண்டமை நோக்கத்தக்கது. தயோதொத்தசு என்பவனோ, அவசரமும் சினமும் நல்லாலோசனைக்குப் பகையென்றான். எனினும் அவன் இரக்கத்தை வேண்டினானல்லன். நம்பிக்கையும் ஆசையும் உந்தும்போது மனிதர் மரணதண்டனையையும் பொருட்படுத்தார்; பணிந்தாலும் சாவேயென்றறிந்த நகரங்கள் இறுதிவரை போரிடும்; மித்திலீனியில் படைக்கலம் கைக்கு வந்ததும் நகரை ஒப்படைக்கச் செய்தோர் பொதுமக்களே, அவர்களைக் கொன்றால் எங்கும் பொதுமக்கள் பகைவராவர் என அவன் அதென்சின் நன்மையையே எடுத்துக்காட்டினான். மக்களை மீண்டும் கூடச்செய்தது இரக்கமே. ஆனால் இரக்கம் மட்டும் கிளியோனுக்கு விடையிறுத்திருக்கமாட்டாது. கைகள் உயர்ந்தபோது இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாயிருந்தன. தயோதொத்தசின் கருத்து மயிரிழையில் வென்றது.

முதற் கப்பல் அப்பொழுது ஏறத்தாழ ஒரு பகலும் ஓரிரவும் முந்தியிருந்தது. அதென்சிலிருந்த மித்திலீனித் தூதர் இரண்டாம் கப்பலுக்கு மதுவும் வாற்கோதுமை மாவும் கொடுத்தனர். மாவை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து, துடுப்பு வலித்தவாறே உண்டு, முறைவைத்து உறங்கி மாலுமிகள் விரைந்தனர். முதற் கப்பலோ, வெறுக்கத்தக்க பணியாதலின், மெல்லச் சென்றது. தளபதி பாக்கேசு ஆணையைப் படித்து நிறைவேற்ற முனைந்த வேளையில் மற்றக் கப்பல் கரைசேர்ந்தது. ஆயினும் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியோரென ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பர். (இவ்வெண்ணை ஐயுறும் அறிஞரும் உளர்.) இதனை முன்மொழிந்தவனும் கிளியோனே.

காலந்தாழ்த்தலே சினத்துக்கு மருந்தென இதிலிருந்து கொள்ளுதல் பொருந்தாது. 406 இல், ஆர்கினூசேக் கடற்போரில் வென்ற தளபதிகள், சிதைந்த கப்பல்களிலிருந்தோரை மீட்கத் தவறினரெனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். பொழுது சாய்ந்து கைகளைக் காணமுடியாமையாற் பேரவை ஒத்திவைக்கப்பட்டது. இடையில் வந்தது அபத்தூரியா என்னும் உறவினர் கூடும் விழா. கரிய உடையும் மழித்த தலையுமாய்ப் பலர் திரண்டனர். அவர்கள் இறந்தோரின் உறவினர்போல் நடிக்க ஏவப்பட்டோர் என்பது செனபோனின் கூற்று. தணிந்திருக்கவேண்டிய சினம் மூண்டது. ஒவ்வொருவரையும் தனித்து விசாரிக்கும் முறையைக் கைவிட்டு, எண்மரையும் ஒரே வாக்கெடுப்பாற் குற்றவாளிகளாக்கினர். தலைமைக்குழுவிலிருந்த சோக்கிரதீசு மட்டும் இறுதிவரை உடன்படவில்லை. நகரிலிருந்த அறுவர் கொல்லப்பட்டனர். பின்னர் மக்கள் வருந்தித் தம்மை ஏமாற்றியோர்மீது குற்றஞ்சாட்டினர். தீர்மானத்தை முன்மொழிந்த கல்லிக்செனசு தப்பியோடி, 403 இல் குடியாட்சியினருடன் மீண்டு, யாவராலும் வெறுக்கப்பட்டுப் பட்டினியால் இறந்தான்.