ஒளித்துவைத்த பெட்டியும் தொலைந்துபோன எல்லைக்கல்லும்

சில மாதங்களுக்கு முன்னர், லண்டனில் வாழும் நண்பர் ஒருவரின் மகன் பாடசாலை விடுமுறைக்காகக் கல்முனைக்கு வந்திருந்தான். ஒருநாள் மாலை அவனை மருதமுனைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அவன் கடலைப் பார்க்கவில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே பத்து அடி முன்னே நடப்பான்; இரண்டு அடி பின்னே வருவான்; பிறகு குனிந்து நிலத்தைப் பார்ப்பான். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்து கேட்டார்:

"என்ன தம்பி, திரும்பவும் அறுபத்தஞ்சு மீற்றர் அளக்க வந்திருக்கீங்களா?"

பையனுக்கு எதுவும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்தக் கேள்வியை அவனுக்கு விளக்க, இந்தக் கரையின் வரலாற்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை அவன் எனக்கு விளக்கியபோது, அதற்கும் ஒரு வரலாறு இருப்பது தெரியவந்தது. இரண்டையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அவன் ஆடும் விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். ஒருவர் ஒரு பெட்டியை எங்கேனும் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் அந்த எண்களைப் பின்தொடர்ந்து பெட்டியைத் தேடுவர். இதன் மூதாதை இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பிறந்தது. 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, சென்றடையக் கடினமான சதுப்பு நிலமொன்றில், வருவோர் தத்தம் பெயரட்டையை இட்டுச்செல்ல ஒரு போத்தலை வைத்தார்.

இன்றைய வடிவம் பிறந்ததற்குக் காரணம் அமெரிக்க அரசின் ஒரு முடிவு. ஜீ.பீ.எஸ். செய்மதிகள் அமெரிக்க இராணுவத்துக்குரியவை. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்ததால், காட்டும் இடம் 100 மீற்றர் வரை விலகக்கூடும். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மே 3ஆம் திகதியே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டோரத்தில் ஒரு வாளியை மறைத்து, அதன் எண்களை இணையத்தில் இட்டார். சில நாட்களிலேயே பிறர் அதைக் கண்டெடுத்தனர். இன்று உலகில் இத்தகைய பெட்டிகள் 30 இலட்சத்துக்கும் மேல்.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. செய்மதிக் கருவி அல்லது கைத்தொலைபேசி, ஒரு பேனா, குடிநீர், மாலையானால் ஒரு டோர்ச் லைட். பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். கண்டெடுத்தவர் பெயரையும் திகதியையும் எழுத வேண்டும். உள்ளிருக்கும் சிறு பொருளை எடுப்பவர், அதற்கு ஈடான பெறுமதியுள்ள இன்னொன்றை வைக்க வேண்டும். உணவும் ஆயுதமும் வைக்கக்கூடாது. குழி தோண்டிப் புதைக்கக்கூடாது. காணிக்கு உரியவரின் அனுமதி வேண்டும். ஒரு பெட்டிக்கும் மற்றதற்கும் இடையே குறைந்தது 161 மீற்றர், அதாவது மைலில் பத்திலொரு பங்கு, இடைவெளி வேண்டும். விளையாட்டை அறியாத வழிப்போக்கர் கண்ணில் படாமல் எடுத்து, இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும்.

பெட்டியாக எதைப் பயன்படுத்துவார்கள் என்று கேட்டேன். பிளாஸ்டிக் டப்பா, பழைய பிலிம் சுருள் டப்பா என்று சொல்லிக்கொண்டு வந்தவன், "மிகச் சிறந்தது இராணுவத்தின் பழைய ரவைப் பெட்டி. தண்ணீர் புகாது" என்றான்.

நான் சிரிக்கவில்லை. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், கிழக்கில் மறைத்து வைக்கப்பட்ட பெட்டிக்கு ஒரே பொருள்தான். உரிமை கோரப்படாத பொதியைக் கண்டால் தொடாதீர்கள் என்பது பேருந்திலும் சந்தையிலும் பள்ளிவாசலிலும் கேட்ட எச்சரிக்கை. பற்றைக்குள் குனிந்து எதையோ தேடும் இளைஞன் வீடு திரும்புவான் என்பதற்கு உத்தரவாதம் இருக்கவில்லை. கிழக்கில் போர் 2007இலும் நாடெங்கும் 2009இலும் ஓய்ந்தது. ஆனாலும் அயலிலுள்ள மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி ஆபத்திலிருந்து விடுபட்டதென்று அறிவிக்க 2017 வரை செல்ல வேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதுவில் வெடித்த குண்டுகளின் பின்னர் பழைய அச்சம் மீண்டும் வந்து குந்திக்கொண்டது.

இது எங்கள் மண்ணுக்கு மட்டுமுரிய அச்சமும் அன்று. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவகமொன்றின் முன்னால் ஒருவர் எதையோ மறைத்து வைப்பதைக் கண்டவர்கள் பொலிஸாரை அழைத்தனர். இராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிக்கச் செய்த பின்னரே அது ஜியோகேஷிங் பெட்டியென்று தெரிந்தது. அனுமதி பெறவேண்டும் என்ற விதியை வெறும் மரியாதையென்று கருதுவோர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

ஆனால் எண்களால் இடத்தைக் கண்டடையும் கலை இந்தக் கரைக்குப் புதிதல்ல, எண்கள்தான் புதியவை. கடலடிப் பாறைத்திட்டுகளை எங்கள் மீனவர் 'பார்' என்பர். மீன் அங்கேதான் கூடும். கரையிலுள்ள ஓர் உயர்ந்த தென்னையும் தொலைவிலுள்ள ஒரு மலையும் ஒரே கோட்டில் வரவேண்டும்; வேறு திசையில் பள்ளிவாசல் மினாராவும் இன்னொரு குறியும் ஒரே கோட்டில் வரவேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் நங்கூரம் விழும். வாப்பா மகனுக்குச் சொல்லுவார். அயல் வள்ளத்துக்குச் சொல்லமாட்டார். பொத்துவில் பக்கக் கடலில் வந்த ஆங்கில மாலுமிகளும் இப்படித்தான் செய்தனர். சியம்பலாண்டுவைப் பக்கமுள்ள கோவிந்தஹெல மலைக்கு 'வெஸ்ட்மின்ஸ்டர் அபே' என்ற பெயர் வந்தது ஆங்கிலேயரால்தான். இன்று ஆழ்கடல் படகுகளில் மலையின் இடத்தைச் செய்மதிக் கருவி பிடித்துக்கொண்டது. இரகசியம் காக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

நிலத்தின் கதை வேறு. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில் தொடங்கப்பட்டது. நாட்டின் வரைபட ஆள்கூறுகள் பிதுருதலாகல மலையை ஆதாரமாகக் கொண்டு கணிக்கப்பட்டன. ஆனால் சாதாரண குடிமகனுக்கு மலை உச்சி எதற்கு? அவனுக்கு வேலியும் எல்லைக்கல்லும் காணி உறுதியும் போதும் என்றிருந்தது, 2004 டிசம்பர் 26 காலை வரை.

அன்று இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவுக் கரைகளில் கடலோரத் தெருக்கள் அடியோடு போயின. சில நாட்களின் பின் நான் அங்கே சென்றபோது வேலி இல்லை, கல் இல்லை, தெரு இல்லை. எஞ்சி நின்றவை கிணறுகள் மட்டுமே. ஒரு மனிதர் கிணற்றடியிலிருந்து அடியெண்ணி நடந்துகொண்டிருந்தார். ஏழாவது அடியில் நின்று, "இஞ்சதான் குசினி" என்றார். அதற்கு மேல் அவர் எண்ணவில்லை.

பிறகு அரசு கடற்கரையில் கட்டடத் தடை வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டது. எங்கள் பகுதியில் 65 மீற்றர் என்ற கணக்கு மக்கள் பேச்சில் நிலைத்தது. மருதமுனையில் ஒரு குடியிருப்புக்கே '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்று பெயர். நாடாவும் கருவியுமாக வந்தவர்கள் நின்ற இடத்தைப் பொறுத்து, ஒருவனின் காணி வீடு கட்டத்தக்கதாகவோ வெறும் மணலாகவோ ஆனது. முதியவரின் கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

பையனிடம் அவன் கருவியின் துல்லியத்தைக் கேட்டேன். திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீற்றர் பிழை வரலாம் என்றான். பெட்டி தேட அது போதும். கடைசி 5 மீற்றரைக் கண்ணால் தேடுவதுதான் விளையாட்டின் சுவை. ஆனால் இந்தக் கரையில் பத்துப் பேர்ச் காணி என்பது சுமார் 253 சதுர மீற்றர். அதில் 5 மீற்றர் என்பது ஓர் அறை. சகோதரிக்குச் சீதனமாக எழுதிய பங்கு. இரு குடும்பங்கள் பேசாமலிருப்பதற்கான காரணம்.

இவற்றைக் கேட்ட பின்னர் அவன் பெட்டி வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டான். பெட்டியே இல்லாமல், ஓரிடத்தின் புவியியலைப் படிப்பிக்கும் 'எர்த்கேஷ்' என்ற வகையும் உண்டாம். ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்பதை வைத்து ஒன்று எழுதலாமா என்று கேட்டான். எழுதலாம், முதலில் அங்கே வாழ்பவர்களைக் கேள் என்றேன்.

புறப்படும்போது முதியவர் எழுந்து வந்தார். பற்றைக்குள் கிடந்த ஒரு கிணற்றைக் காட்டி, "மகன், இதுக்கும் அந்த நம்பர் வருமா?" என்றார். பையன் கிணற்றருகே சென்று, சற்று நேரம் அசையாமல் நின்று, எண்களைத் தாளொன்றில் எழுதிக் கொடுத்தான். இது காணி உறுதிக்கு ஈடாகாது என்பதையும் சொன்னான். அவர் தலையசைத்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த எண்கள் என்னிடமும் உள்ளன. இங்கே எழுதவில்லை. காணிக்கு உரியவரின் அனுமதியை நான் கேட்கவில்லை.