கஞ்சாவும் 1193 சாட்சிகளும்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா? கனடா 2018-ல் ஆக்கிவிட்டது. ஜெர்மனி 2024-ல் பாதி ஆக்கியது. தாய்லாந்து 2022-ல் கதவை அகலத் திறந்துவிட்டு, 2025-ல் "டாக்டர் சீட்டு கொண்டு வா" என்று பாதி சாத்திவிட்டது. நம்ம ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் ரெண்டே குரல்தான். "சாமியாருங்கள்லாம் அடிக்கிறாங்களே, என்ன ஆயிட்டாங்க?" என்று ஒன்று. "ஊரே நாசமாப் போயிடும்" என்று இன்னொன்று. ரெண்டு பேர் கையிலும் ஒரு தகவலும் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், 130 வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கேள்வியை உட்கார்ந்து முறையாக விசாரித்த நாடு இது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி, எனக்கு ஏன் இந்த அக்கறை? எங்க ஊர் சிக்கல். சிங்காரவேலர் கோயில் இருக்கிற நாகப்பட்டினம் சிக்கல் இல்லீங்க. ராமநாதபுரம் மாவட்டம், கடலாடி தாலுகா சிக்கல். பனையும் சீமைக்கருவேலமும் கண்மாயும். கொஞ்ச தூரத்தில் வாலிநோக்கம் கடல். எங்க மாவட்டத்துக் கடற்கரைக்கும் கஞ்சாவுக்கும் இருக்கிற தொடர்பு பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு வருகிறேன்.

1893-க்குப் போவோம்.

அந்த வருஷம் மார்ச் 2-ம் தேதி, லண்டன் நாடாளுமன்றத்தில் வில்லியம் ஸ்ப்ராஸ்டன் கெயின் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி போட்டார். ஆள் தீவிர மதுவிலக்குக்காரர். வங்காளத்தில் கஞ்சா சாகுபடியும் விற்பனையும் நடக்கிறதே, அது மக்களின் உடலையும் ஒழுக்கத்தையும் கெடுக்கிறதே, விசாரிக்க ஒரு கமிஷன் வைப்பீர்களா என்பது சாரம். சரி என்றது அரசு. இந்திய அரசாங்கம் அதை வங்காளத்தோடு நிறுத்தாமல் நாடு முழுக்க விரித்தது. சென்னை ராஜதானியும் அதில் அடக்கம்.

அதுதான் 'இந்தியக் கஞ்சா கமிஷன்'. தலைவர் மாக்வொர்த் யங். அவரோடு சேர்த்து ஏழு பேர். அதில் மூன்று பேர் இந்தியர்கள். ஊர் ஊராகப் போனார்கள். டாக்டர், கலெக்டர், போலீஸ், வைத்தியர், வியாபாரி, சாகுபடி செய்கிறவர், பாதிரியார் என்று 1193 சாட்சிகள். 1894-ல் கொடுத்த அறிக்கை 3000 பக்கத்துக்கு மேல். ஒரு குரங்குக்குக் கஞ்சாப் புகை காட்டி மூளையை ஆராய்ந்தது வரைக்கும் அதில் இருக்கிறது. (பாவம் குரங்கு!)

இந்த அறிக்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கணக்கு.

"கஞ்சா அடித்தால் பைத்தியம் பிடிக்கும்" என்பதுதான் அன்றைக்கு எதிர்ப்பாளர்களின் பெரிய ஆயுதம். ஆதாரம்? ஆஸ்பத்திரிப் பதிவேடு. வருஷா வருஷம் அச்சாகிற புள்ளிவிவரம். கமிஷன் ஒரு நல்ல காரியம் செய்தது. அந்த எண்ணிக்கையை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், 1892-ல் சேர்ந்த நோயாளிகளில் கஞ்சாவால் வந்தது என்று எழுதப்பட்டவர்களை ஒவ்வொருவராக எடுத்து, அவர்கள் ஊரிலும் குடும்பத்திலும் திரும்ப விசாரித்தது.

என்ன தெரிந்தது? தெருவில் திரிகிற ஒருவரைப் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு வருவார். கூடவே ஒரு படிவம். அதில் 'நோய்க்குக் காரணம்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் மேலே இருந்து கேள்வி வரும். சொந்தபந்தம் யாரென்று தெரியாது, காரணமும் தெரியாது. எழுது, கஞ்சா!

நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்கு இது உடனே புரியும். ஒரு கட்டத்தைக் கட்டாயம் என்று வைத்துவிட்டால், பயனர் என்ன செய்வார்? எதையாவது தட்டிவிட்டு அடுத்த பக்கம் போவார். ஆறு மாசம் கழித்து மேலாளர் அந்த டேட்டாவை வைத்து வண்ண வண்ணமாக கிராஃப் போடுவார். அதேதான். திரும்ப விசாரித்தபோது, கஞ்சாவால் என்று எழுதப்பட்டதில் பாதிக்கு மேல் தேறவில்லை. கொஞ்சம் கேஸ்களில் தொடர்பு இருக்கலாம் என்பதையும் கமிஷன் மறைக்காமல் எழுதியது.

கடைசித் தீர்ப்பு: அளவாகப் பயன்படுத்தினால் பெரிய கேடில்லை, அளவுக்கு மீறினால் கேடு. முழுத்தடை தேவையும் இல்லை, உசிதமும் இல்லை. தடை போட்டால் மக்கள் மனக்கசப்பு வரும், இதைவிட மோசமான போதைக்குப் போவார்கள். அதனால் லைசென்ஸ் கொடு, சாகுபடியைச் சுருக்கு, வரியை ஏற்று.

"பாத்தியா, வெள்ளைக்காரனே சொல்லிட்டான்" என்று குதிக்க வேண்டாம். கஞ்சா வரி அரசுக்கு வருமானம். விசாரித்தவரும் அரசு, சம்பாதித்தவரும் அரசு. இன்னொன்றையும் பலர் சொல்லுவதில்லை. மூன்று இந்திய உறுப்பினர்களில் ராஜா சசி சேகரேசுவர ராய், லாலா நிஹால் சந்த் இருவரும் இந்த முடிவோடு ஒத்துப்போகாமல் தனிக் குறிப்பு எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது தீர்ப்பு கூட இல்லை. கேட்டார்கள், எதிர்க்கருத்தையும் சேர்த்தே அச்சிட்டார்கள் என்பதுதான்.

இனி 1985. நடுவில் நடந்ததை வேகமாகப் பார்த்துவிடலாம். 1925 ஜெனீவா மாநாட்டில் எகிப்து வற்புறுத்தி, கஞ்சா சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது. 1961-ல் ஐ.நா.வின் போதைப்பொருள் ஒப்பந்தம். அதில் நம்ம ஆட்கள் ஒரு நெளிவு சுளிவு வைத்தார்கள். கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனி மட்டும். இலையும் விதையும் தனியாக இருந்தால் கணக்கில்லை. பாங்கு தப்பித்தது. மற்றதை நிறுத்த, ஒப்பந்தம் அமலுக்கு வந்த 1964-லிருந்து 25 வருஷம் கெடு. 1989-ல் கெடு முடியும்.

அமெரிக்கா மிரட்டியதால்தான் ராஜீவ் காந்தி சட்டம் கொண்டு வந்தார் என்று இணையத்தில் நிறையப் படிக்கலாம். அழுத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், கெடு நாமே கையெழுத்துப் போட்டது. மசோதா 1985 ஆகஸ்ட் 23-ல் மக்களவைக்கு வந்தது. செப்டம்பர் 16-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். நவம்பர் 14 முதல் அமல். ஒரு மாசம் கூட ஆகவில்லை, ரெண்டு அவையும் முடிந்துவிட்டது! 1193 சாட்சிகள் எங்கே, இது எங்கே?

விளைவைப் பாருங்கள். ஒரே செடி. இலையை அரைத்துக் குடித்தால் பாங்கு. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்ஸ் கடையிலேயே விற்கிறார்கள். பூவைச் சுருட்டினால் ஜெயில். வடக்கே பண்டிகைக்குப் பாங்கு குடிக்கிறவர்களின் பழக்கம் தப்பித்தது. நம்ம சித்த வைத்தியர்கள் 'கோரக்கர் மூலி' என்று சொல்லி மருந்தில் சேர்த்த அதே செடியை இப்போது அனுமதிச் சீட்டு இல்லாமல் தொட முடியாது.

இதில் எங்க பக்கத்துப் பங்கு ஒன்று உண்டு. சரக்கு பெரும்பாலும் ஆந்திரா-ஒடிசா எல்லை மலையிலிருந்து வருகிறது. லாரி, கார், ரயில் என்று இறங்கி ராமநாதபுரம் கடற்கரைக்கு வந்து சேரும். மண்டபம், வேதாளை, தொண்டி என்று பேப்பரில் ஊர்ப்பெயர் மட்டும் மாறும். ராத்திரி ஃபைபர் படகில் அக்கரை. அங்கே யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் அதுக்குப் பெயர் 'கேரளக் கஞ்சா'. மலை ஆந்திராவில், கரை ராமநாதபுரத்தில், பெயர் மட்டும் கேரளாவுக்கு :-) 2022 பிப்ரவரியில் ஆந்திரப் போலீஸ் ரெண்டு லட்சம் கிலோவை அனகாப்பள்ளி பக்கம் ஒரே இடத்தில் போட்டுக் கொளுத்தியது. அதே வருஷம் தமிழ்நாட்டில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை 2.0'. படகு நின்றதா? கியூ பிரிவு பறிமுதல் செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் மாட்டுவது யார்? என்கூடப் பள்ளியில் படித்த ஒருத்தன், மூட்டை தூக்கக் கூலிக்குப் போனவன், மாட்டினான். இருபது கிலோவைத் தாண்டினால் சட்டப்படி அது 'வணிக அளவு'. குறைந்தது பத்து வருஷம். ஜாமீன் வேண்டுமென்றால், இவன் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும். கிட்டத்தட்ட மூணு வருஷம் விசாரணைக் கைதியாகவே உள்ளே கிடந்தான். அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சரக்கை அனுப்பியவர் பெயரும் வாங்க இருந்தவர் பெயரும் அந்தக் கேஸில் எந்த இடத்திலும் வரவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். அந்த ரெண்டு பெயரும் இல்லாமலே வழக்குக் கணக்கில் ஒன்று கூடிவிட்டது.

பனங்காட்டுக்காரன் என்பதால் இன்னொரு கணக்கும் எனக்குக் கண்ணில் படும். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003-லிருந்து அரசே டாஸ்மாக் கடையில் சில்லறை விற்பனை. எது போதை, எது வருமானம் என்பதை எப்போதும் உடம்பைப் பார்த்தே முடிவு செய்கிறோம் என்று யாராவது சொன்னால் எங்க ஊர்ப் பனைமரம் சிரிக்கும்.

நாடாளுமன்றத்தில் பேச்சே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாட்டியாலா எம்.பி.யாக இருந்த தரம்வீரா காந்தி 2016-ல் தனிநபர் மசோதாவுக்கு முயன்றார். ஒடிசாவின் ததாகத சத்பதி வெளிப்படையாகவே தடைக்கு எதிராகப் பேசினார். 2017-ல் மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி மருத்துவப் பயன்பாட்டை அனுமதிக்கலாம் என்றார். 2018-ல் உத்தராகண்ட் நார், விதைக்காக சாகுபடியை அனுமதித்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க 27-க்கு 25 என்று ஓட்டு விழுந்தபோது, இந்தியா 27-ல் ஒன்று. உள்ளூர்ச் சட்டம் மட்டும் அசையவில்லை. 2019-ல் வந்த மத்திய அரசின் ஆய்வுப்படி பாங்கு, கஞ்சா, சரஸ் பயன்படுத்துகிறவர்கள் சுமார் 3.1 கோடி பேர்.

என் கருத்து? டாஸ்மாக் பக்கத்தில் கஞ்சாக் கடை வேண்டாம். இளம் வயதில், அதுவும் வீரியமான சரக்கைத் தொடர்ந்து புகைத்தால் மனநோய் ஆபத்து கூடுகிறது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. 1894 அறிக்கையை வைத்து அதைத் தள்ள முடியாது. ஆனால் பயன்படுத்துகிறவனை மருத்துவரிடம் அனுப்பலாம். மூட்டை தூக்குகிறவனையும் முதல் போட்டவனையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை. முதலில் கேளுங்கள். மனநல மருத்துவரை, சித்த வைத்தியரை, மலையில் விதைக்கிற பழங்குடி விவசாயியை, வேதாளை மீனவரை, ஜெயிலில் இருப்பவனின் அம்மாவை. 1893-ல் ரயிலையும் மாட்டுவண்டியையும் வைத்துக்கொண்டு முடிந்தது, இப்போது முடியாதா?

உங்க பக்கத்துக் கதை இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. திட்டுவதாக இருந்தாலும் காரணத்தோடு திட்டுங்க.

டிஸ்கி: இது யாரையும் புகைக்கச் சொல்லும் பதிவு அல்ல. எனக்கு டீ மட்டும்தான். அதையே விட முடியவில்லை.