வகுப்பறையில் கைப்பேசி: இழப்பு யாருக்கு?

வகுப்பறைக்குள் கைப்பேசியை விடலாமா என்ற விவாதம் நம்மிடையே எப்போதும் ஒழுக்கத்தில் தொடங்கி ஒழுக்கத்திலேயே முடிகிறது. பிள்ளைகள் கெட்டுப்போவார்களா என்பதைவிட, எந்தப் பிள்ளை அதிகம் இழக்கிறது என்று கேட்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இக்கேள்விக்கு ஓரளவு விடை தருவது லூயி பிலிப் பெலாண்டும் ரிச்சர்ட் மர்பியும் 2015இல் வெளியிட்ட ஆய்வு. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளின் தேர்வு முடிவுகளை, கைப்பேசித் தடை வருவதற்கு முன்னும் பின்னுமாக அவர்கள் ஒப்பிட்டனர். சராசரி மதிப்பெண் திட்டவிலக்கத்தில் சுமார் 6 விழுக்காடு உயர்ந்திருந்தது. இந்தச் சராசரி பெரிதல்ல. அதற்குள் மறைந்திருப்பதே முக்கியம். முன்தேர்வுகளில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இருந்த மாணவர்களுக்கு உயர்வு 14 விழுக்காட்டைத் தாண்டியது. முதல் வரிசை மாணவர்களிடம் மாற்றமே இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை கவனம் சிதறினாலும் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கு விட்ட பாடம் விட்டதுதான். தடையை எதிர்ப்பவர்கள் சுயக்கட்டுப்பாட்டைப் பழக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல நோக்கம். ஆனால் அந்தப் பழக்கத்துக்கான விலையைக் கடைசி பெஞ்சு கொடுக்கக் கூடாது.

சுவீடனில் இதே முறையில் செய்யப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு எந்தப் பயனையும் காணவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தடை தானாகவே கற்பித்துவிடாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மீட்ட கவனத்தை வகுப்பு என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே பயன்.

தமிழ்நாட்டில் சிக்கல் இன்னொரு முனையில் இருக்கிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு (QR code) அச்சிடப்பட்டிருக்கிறது. திறன்பேசியில் தீக்‌ஷா செயலியை நிறுவி, அந்தக் குறியீட்டை வருடி, அதற்குரிய காணொளியைத் திறக்க வேண்டும். பள்ளிக்குள் மாணவருக்குக் கைப்பேசி கூடாது; பாடநூலோ கைப்பேசியைக் கேட்கிறது. இந்த முரணின் சுமையை வீடு ஏற்கிறது. வீடுகளோ சமமானவை அல்ல. இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதினரிடம் 2023இல் நடந்த அசர் (ASER) கல்விக் கணக்கெடுப்பில், திறன்பேசியைக் கையாளத் தெரிந்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்குச் சொந்தப் பேசி இருந்தது. பெண்களில் 20 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அண்ணனோ அப்பாவோ வீடு திரும்பும்வரை குறியீட்டின் பின்னுள்ள காணொளி சொந்தப் பேசி இல்லாத பெண்ணுக்குத் திறக்காது.

அதே பெண் பேருந்து மாறிப் பள்ளிக்குப் போகிறவள் என்றால், வழியில் ஒரு பேசி இருக்கட்டும் என்று தாய் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஒரு கேந்திரிய வித்யாலயா மாணவர் வழக்கில் இதைக் கணக்கில் எடுத்தது. முழுத்தடை விரும்பத்தக்கதோ நடைமுறைக்கு ஏற்றதோ அல்ல என்ற நீதிமன்றம், வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது என்றும், இயன்ற இடங்களில் வந்ததும் ஒப்படைத்துப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றும் வழிகாட்டியது. காலையில் பெட்டி, மாலையில் கை: எனக்கும் இதுவே சரியெனப் படுகிறது. ஒப்படைத்த பேசி தொலைந்தால் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் பள்ளி முன்கூட்டியே எழுத்தில் தந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி வெறுமையாகவே இருக்கும்.

ஆசிரியரின் பேசியும் இவ்விவாதத்துக்குள் வர வேண்டும். வருகைப்பதிவைச் செயலியில் ஏற்றச் சொல்வது பள்ளிக் கல்வித் துறைதான். ஆகவே அவர் பாடவேளையில் திரையைப் பார்ப்பதை அவர் குற்றமாகச் சொல்ல முடியாது. அந்த வேலையைப் பாடவேளைக்கு வெளியே நகர்த்துவது துறையின் கையில் இருக்கிறது.

மாணவர் கையிலிருந்து பேசியை வாங்கும் பள்ளி, பாடநூல் கேட்கும் திரையைத் தானே தரக் கடமைப்பட்டது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தின் காணொளியை அங்கே ஒருமுறை ஓட்டினால், நடுவில் நிறுத்தி விளக்க ஆசிரியர் இருப்பார், கேள்வி கேட்கப் பக்கத்தில் தோழி இருப்பாள். அதற்கான பாடவேளை கால அட்டவணையிலேயே குறிக்கப்பட வேண்டும்.